பதிவேட்டில் ஒரே ஒரு பொடியன்

நூலகர் வேலை என்றால் மின்விசிறிக்குக் கீழே குந்திக்கொண்டு புத்தகத்துக்குத் திகதி முத்திரை குத்துகிற வேலை என்று ஊர் நினைக்கிறது. உண்மையில் அது, புத்தகத்தைக் கண்டதும் வழி மாறிப் போகிற பொடியனுகளைத் தேடித் திரிகிற வேலை. சாவிக்கொத்தும் கறையான் மருந்துமாக என்னைப் போலவே மல்லுக்கட்டுகிற பள்ளிக்கூட நூலகர்மாரே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் நம்பமாட்டார்கள்.

எங்களுடையது வாவிக்கரையில் இருக்கிற கலவன் பள்ளிக்கூடம். பொம்பளப் புள்ளைகளைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. இடைவேளை மணி அடிக்க முதலே வாசலில் வந்து நிற்பார்கள். நூலக மாணவத் தலைவிகள் நாலு பேரும் அவர்கள்தான். இரவல் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதும், திகதி பிந்தினால் முறைத்துப் பார்ப்பதும் அவர்கள்தான். பொடியனுகளோ பல் பிடுங்குகிற இடத்தைத் தாண்டுகிற மாதிரி நூலக வாசலைத் தாண்டி ஓடுவான்கள்.

போன பள்ளித் தவணை தொடங்கின கிழமை அதிபர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுசன்தான், ஆனால் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. தவணை முடிய முதல் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் வருவாராம். என்னுடைய இரவல் பதிவேட்டைப் பார்ப்பாராம். ஒன்பதாம் வகுப்புப் பொடியனுகளின் பெயர் அதில் இல்லாவிட்டால் நூலக அறையைப் பெரிய திரை போட்ட கணினி வகுப்பாக்குவார்களாம். புத்தகங்கள் களஞ்சிய அறைக்குப் போகும். ஒன்பதாம் வகுப்பில் பொடியனுகள் முப்பது பேர். பதிவேட்டில் அவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. கறையானோடும் மாரி வெள்ளத்தோடும் சண்டை பிடித்து நான் காப்பாற்றின அறை அது. "அப்ப நான் எங்க சேர் போறது?" என்று கேட்டேன். அதிபர் ஆறுதலாகச் சொன்னார்: "நீங்க யோசிக்காதீங்க மிஸ், எட்டாம் வகுப்புக்குக் குடியியல் படிப்பிக்க ஆளில்லாமத்தான் கிடக்கு."

கட்டாரிலிருந்து ஒரு வாசகர்

பொடியனுகள் புத்தகத்தில் இல்லை, போனில் இருக்கிறான்கள். அப்படியென்றால் போனுக்குள் போய்ப் பிடிப்போம் என்று முடிவெடுத்தேன். 'வாங்க வாசிப்பம்' என்று ஒரு வட்ஸ்அப் குறூப் தொடங்கி, வகுப்பாசிரியரிடம் இருந்த முப்பது போன் இலக்கங்களையும் சேர்த்தேன். அந்த இலக்கங்கள் கொரோனா காலத்தில் பாடம் அனுப்புவதற்காக வாங்கினவை. அவ்வளவும் தாய் தகப்பன்மாரின் போன். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. உங்களில் எத்தனை பேர் இதே பிழையை விட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், கையைத் தூக்கத் தேவையில்லை.

முதல் நாள் காலையில் ரோசாப் பூவோடு பதினொரு காலை வணக்கம் வந்தது. மத்தியானம் ஒருவர் உழவு மெசின் விற்பனைக்கு இருக்கிறது என்று படம் போட்டார். பின்னேரம் ஒரு தாய், தங்கச்சியின் தையல் கடைக்கு எல்லோரும் வரவேண்டும் என்றார். நான் விடவில்லை. "நல்ல பேய்க் கதைப் புத்தகம் ஒன்று வந்திருக்கிறது. பயமில்லாத ஆம்பிளைப் பிள்ளை யாராவது இருந்தால் நாளைக்கு இடைவேளைக்கு வந்து எடு, பார்ப்பம்" என்று எழுதினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. சந்தோசத்தில் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு பொடியனின் தகப்பன் எழுதியிருந்தார்: "எனக்குப் பயமில்ல மிஸ், ஆனா கட்டார்ல நிக்கிறன், இடைவேளைக்கு வர லீவு தரமாட்டானுகள்."

நண்டுக்கு எத்தனை கால்?

ஒரு நாள் அந்தக் குறூப்பில் ஏதோ எழுதும்போது, யோசிக்காமல் "நண்டுக்கு எட்டுக் கால்" என்று எழுதிவிட்டேன். அவ்வளவுதான். வாவியில் நண்டு பிடித்துப் பிள்ளை வளர்க்கிற ஊரில் இப்படி எழுதலாமா? பத்து என்றார்கள் பாதிப் பேர். கொடுக்கு ரெண்டும் கையடா, கால் எட்டுத்தான் என்றார்கள் மீதிப் பேர். தகப்பனின் போனைப் பறித்துக்கொண்டு பொடியனுகளும் உள்ளே குதித்துவிட்டான்கள். அடுத்த நாள் இடைவேளைக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஐந்து பேர் நூலகத்துக்குள் வந்து, வாழ்க்கையில் முதன்முறையாக, "மிஸ், நண்டுப் புத்தகம் இருக்கா?" என்று கேட்டான்கள்.

ஆகா, பிடித்துக்கொண்டேன் வழியை என்று நினைத்தேன். இவனுகளுக்குப் புத்தகம் தேவையில்லை, சண்டையில் வெல்லத்தான் ஏதாவது தேவை! அதன் பிறகு நான் செய்த வேலையை அதிபருக்குச் சொல்லிவிடாதீர்கள். கிழமைக்கு இரண்டு பொய் எழுதினேன். இறாலுக்கு மூளை இல்லை என்றேன். முதலையால் மூச்சை அடக்க ஏலாது என்றேன். ஒவ்வொரு பொய்க்கும் பொடியனுகள் வந்தான்கள், அலுமாரியைக் கிண்டினான்கள், பக்கத்தை என் மூக்குக்கு முன்னால் நீட்டி "பாருங்க மிஸ்!" என்று கத்திவிட்டுப் போனான்கள். ஒருவன்கூடப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. பதிவேட்டுப் பக்கமே திரும்பவில்லை. கடைசியில் ஒரு காலை பள்ளிக்கூட வாசலில் ஒரு தகப்பன் என்னை மறித்தார். சைக்கிள் பெட்டியிலிருந்து உயிர் நண்டு ஒன்றை எடுத்து, மல்லாக்கப் பிடித்துக் காட்டினார். மனுசனின் முகத்தில் கோபம் இல்லை, உண்மையான கவலைதான் இருந்தது. "எண்ணிப் பாருங்க மிஸ். ஏன், நீங்க புத்தகம் ஒண்டும் வாசிக்கிறதில்லியா?"

நான் நடிகையான கதை

ஐந்து கிழமை போய்விட்டது. பதிவேடு வெள்ளையாகவே கிடந்தது. தவணை முடியும் நாள் கிட்ட வரக் கிட்ட வர எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நேரம்தான் இங்கிலிஷ் படிப்பிக்கிற இளம் டீச்சர் ஒருத்தி, "இப்ப எல்லாம் சின்ன வீடியோதான் மிஸ், நீங்களும் ஒண்டு போடுங்க" என்று ஆசை காட்டினாள். எங்கள் அலுமாரியில் மட்டை கிழிந்து, பெயர்கூட இல்லாமல் ஒரு பழைய துப்பறியும் கதை இருந்தது. அரிசி ஆலை முதலாளி ஒருவர் தன்னுடைய ஆலைக்குள்ளேயே செத்துக் கிடக்கிற கதை. அதைக் கையில் வைத்துக்கொண்டு, நல்ல சேலை கட்டி, கண்ணை உருட்டி, குரலைத் தாழ்த்தி வாசித்தேன்: "ஆலையின் கதவைத் திறந்தால்…" அங்கே ஒரு இழுவை. "நெல் மூட்டைக்கு மேலே முதலாளி!" அதோடு நிறுத்திவிட்டேன். ஒரு நிமிட வீடியோ.

இரண்டு நாளில் அது திரும்பி வந்தது. என்னுடைய மூக்குக்கு மேலே கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் தங்கச் சங்கிலி, பின்னால் பறை அடி. "கதவைத் திறந்தால்… கதவைத் திறந்தால்… தால் தால் தால்… முதலாளி!" நான் திரும்பத் திரும்பக் கண்ணை உருட்டுகிறேன். ஏறாவூருக்கும் போய், வாழைச்சேனைக்கும் போய், என் அண்ணன் மகளின் போனுக்கும் வந்துவிட்டது. தேற்றாத்தீவிலிருந்து நான் வருகிற பஸ்ஸில் ஏறினால் சனம் வாயைப் பொத்திக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தது. கொண்டக்டர் மட்டும் மிச்சக் காசைத் தரும்போது, "முதலாளிய ஆரு டீச்சர் கொலை செஞ்சது?" என்று மெதுவாகக் கேட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அழுகையும் வந்தது, சொல்வதற்கு என்ன.

இதைச் செய்தவன் ஒன்பதாம் வகுப்புக் கிரிசாந் என்று கண்டுபிடிக்க அரை மணித்தியாலம் போதுமாக இருந்தது. பள்ளிக்கூடத்துக் குழப்படி எல்லாவற்றுக்கும் அவன்தான் தலைவன். கூப்பிட்டு, "அறுவானே, என்ட மானத்தை வாங்கிப்போட்டியேடா!" என்று ஒரு பாட்டம் தீர்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். முடிந்ததும் போகாமல் நின்றான். பிறகு அந்த மட்டை கிழிந்த புத்தகத்தைக் காட்டி, அதை வீட்டுக்குத் தரச் சொன்னான். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. திட்டினது போதும் போல, பொடியன் திருந்திவிட்டான் என்று பதிவேட்டை நானே அவன் முன்னால் தள்ளினேன். அவனுடைய வகுப்பிலேயே படிக்கிற மாணவத் தலைவி தர்சிகா முறைக்க முறைக்கக் கையெழுத்து வைத்தான். "கதையில ஆசை வந்திட்டா மனே?" என்று கேட்டேன். நேர்மையான பிள்ளை, பொய் சொல்லவில்லை. "பார்ட் டூ எடுக்கணும் மிஸ்."

சிரிக்காத பிள்ளை

பார்ட் டூ வரவில்லை. புத்தகமும் வரவில்லை. ஒவ்வொரு கிழமையும் கிரிசாந் வந்து "இன்னும் முடியல்ல மிஸ்" என்று திகதியைப் புதுப்பித்துக்கொண்டு போனான். இதற்கிடையில் ஒன்பதாம் வகுப்புப் பொடியன் ஒருவனின் தாய் என்னைத் தேடி நூலகத்துக்கே வந்தா. மகன் எந்நேரமும் போனும் கையுமாம். பின்னேரம் ஆறு மணியானால் அறை மூலைக்குள் போய் விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறானாம். விளையாட்டுச் சத்தமும் இல்லையாம், பாட்டும் இல்லையாம். கூப்பிட்டால் திடுக்கிட்டுப் போனைக் கவிழ்த்து வைக்கிறானாம். "ஆரும் பொம்பளப் புள்ளையோட…" என்று நான் மெல்ல இழுத்தேன். அந்தத் தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னா: "காதல் கீதல் எண்டாலும் பரவாயில்ல மிஸ், முகத்தில ஒரு சிரிப்பாவது இருக்குமே!"

பாதையில் பிடிபட்டவர்கள்

வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், எனக்குச் சொந்தக்காரர் இருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை அங்கே போவதற்குப் பாதை ஏறினேன். மோட்டார் சைக்கிளையும் ஆளையும் சேர்த்து ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவையைத்தான் நாங்கள் பாதை என்கிறோம். ஒரு மூலையில் டியூசன் முடிந்து போகிற எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பொடியனுகள் எட்டுப் பேர் ஒரு போனுக்கு மேலே தலையை முட்டிக்கொண்டு நின்றான்கள். ஒருவனும் கதைக்கவில்லை. எட்டுப் பொடியனுகள் சத்தமில்லாமல் நின்றால் அது நல்ல விசயமாக இருக்காது என்று இத்தனை வருசச் சேவை எனக்குச் சொன்னது. பதுங்கிப் போய் போனை வெடுக்கென்று பறித்தேன். அசிங்கம் எதையாவது பார்க்கப் போகிறேன் என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்த்தேன்.

போனில் என்னுடைய புத்தகம். நூற்றிப் பதினாலாம் பக்கம். பள்ளிக்கூட முத்திரை, மழைக் கறை, ஓரத்தில் பக்கத்தை அமத்திப் பிடித்திருக்கிற ஒரு பெருவிரல். கிரிசாந்தின் விரல்! பார்ட் டூ எடுப்பதற்காக வாசிக்கத் தொடங்கினவனுக்கு, முதலாளியைக் கொன்றது யார் என்று தெரியாமல் நித்திரை வரவில்லையாம். கூட்டாளிமாருக்கும் சொல்லியிருக்கிறான். அவர்களும் கேட்டிருக்கிறார்கள். பொடியனுகளுக்கு மட்டும் ஒரு குறூப். பின்னேரம் ஆறு மணிக்கு ஐந்து பக்கம் படமாக வரும். கிரிசாந்தும் அந்த ஐந்து பக்கத்துக்கு மேலே வாசிக்கக் கூடாது என்பது சட்டமாம். முப்பது பேரும் அதில் இருக்கிறார்கள். பாதையில் நின்றபடியே எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"அப்ப ஏன்டா நூலகத்துக்கு வந்து பேரை எழுதிறீங்க இல்ல? உங்கட பேர் இல்லாமத்தானே நூலகத்தையே மூடப் போறாங்க!" என்று கேட்டேன். ஒருவன் காரணத்தைச் சொன்னான். பதிவேடு தர்சிகாவின் கையில். கிரிசாந் எடுத்தால் ஏதோ குழப்படிக்கு என்று நினைப்பார்களாம். இவர்கள் எடுத்தால் வாசிக்கத்தான் என்று தெரிந்துவிடுமாம்! நான் கெஞ்சினேன், வெருட்டினேன், ஒன்றும் சரிவரவில்லை. பாதை அக்கரையில் முட்டுகிற நேரம் எட்டுப் பேரும் என்னைச் சுற்றி நின்று, இறங்க விடாமல் மறித்து, உள்ளங்கையை நீட்டினான்கள். "சத்தியம் பண்ணுங்க மிஸ், ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு, வகுப்புப் பொம்பளப் புள்ளைகளுக்குத் தெரிஞ்சா எங்கட மானம் போயிரும்."

வலயத்திலிருந்து வந்தவர்

சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். விசர் வேலைதான், ஆனால் கொடுத்துவிட்டேன். அந்த அதிகாரி வருகிற அன்றைக்குக் காலையில் மூன்று நிறப் பேனையை வைத்துக்கொண்டு பதிவேட்டுக்கு முன்னால் குந்தியிருந்தேன். முப்பது பெயரையும் நானே எழுதிவிட்டால் என்ன? முதல் பெயரில் பாதி எழுதினேன். என்னுடைய கையெழுத்து முதலாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். வெட்டிவிட்டுப் பேனையை மூடினேன்.

அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். பொம்பளப் புள்ளைகளின் பெயர் பக்கம் பக்கமாக இருந்தது. பொடியனுகளில் ஒரே ஒரு பெயர். கிரிசாந். அதே புத்தகம். அதற்குக் கீழே கிரிசாந், அதே புத்தகம், புதுப்பித்தது. மறுபடியும் கிரிசாந். "ஒரு பொடியன், ஒரு புத்தகம், அஞ்சு தரம். இவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாதா?" என்று கேட்டார். அதிபர் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அறை தப்பிவிடும். ஆனால் உள்ளங்கையில் அடித்துக் கொடுத்த சத்தியம் இருந்தது. நான் அலுமாரிப் பக்கம் திரும்பி, நேராக இருந்த புத்தகங்களையே மறுபடி அடுக்கினேன். "வாங்க, வகுப்பிலயே கேப்பம்" என்று பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு அவர் எழும்பினார்.

ஒன்பதாம் வகுப்பில் நின்று, "நூலகப் புத்தகம் வாசிக்கிற ஆம்பிளப் புள்ளைகள் கையைத் தூக்குங்க" என்றார். முப்பது பேரும் மேசையைப் பார்த்தான்கள். பக்கத்து வரிசையில் தர்சிகாவும் கூட்டாளிமாரும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சரி, முடிந்தது அலுவல், குடியியல்தான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அதிகாரி கிரிசாந்தை எழுப்பிப் புத்தகத்தைக் காட்டச் சொன்னார். அவன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். இரண்டு பக்கம் புரட்டினவரின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அட, இந்தக் கதையா! நான் உங்கட வயசில இருக்கக்குள்ள வாசிச்சது. முதலாளியக் கொலை செஞ்சது வேற ஆருமில்ல, அந்த…"

"ஐயோ சேர், சொல்லாதீங்க!"

முப்பது தொண்டையும் ஒன்றாகக் கத்தியது. பின் வரிசை வாங்கில் இருந்தவன்கள் எழும்பியே விட்டான்கள். ஒருவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே குனிந்துவிட்டான். ஒருவன் கையெடுத்துக் கும்பிட்டு, "இன்னும் பன்ரெண்டு பக்கம் கிடக்கு சேர்!" என்றான். கண்ணில் தண்ணீர் நிற்கிறது அவனுக்கு. அதிகாரி புத்தகத்தை மூடினார். பதிவேட்டைப் பார்த்தார், வகுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கிரிசாந்தான் கடைசியில் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டான், படம் எடுத்தது, ஆறு மணி, ஐந்து பக்கம், எல்லாம். அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, ஆசிரியர் மேசையிலேயே குந்தி எழுதி அதிபரிடம் கொடுத்தார்: ஒன்பதாம் வகுப்பு ஆண் மாணவர்கள் எல்லோரும் வாசிக்கிறார்கள், நூலகம் இதே அறையில் இருக்க வேண்டும். நான் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தேன், வெட்கப்படவில்லை.

வெட்கப்பட்டது முப்பது பொடியனுகளும்தான். மானம் போன முகத்தோடு குந்தியிருந்தான்கள். அப்போது தர்சிகா எழும்பினாள். இப்போது நல்ல கிழி கிழிக்கப் போகிறாள் என்று நானும் நினைத்தேன். அவள் கிரிசாந்தைப் பார்த்து, உண்மையான கோபத்தோடு கேட்டாள்: "அந்தப் புத்தகத்துக்கு நாங்க அஞ்சு கிழமையா வரிசையில நிக்கிறம், எங்களையும் குறூப்பில சேர்த்திருந்தா என்னடா குறைஞ்சிருக்கும்?"

ஆம்பிளைப் பிள்ளைகளை வாசிக்க வைப்பது அப்படியொன்றும் பெரிய வேலையில்லை, நூலகர்மாரே; வாசிக்கிறோம் என்று அவர்களை ஒத்துக்கொள்ள வைப்பதற்குத்தான் வலயத்திலிருந்து ஆள் வர வேண்டியிருக்கிறது.